உப்பளம் என்று பெயர் வைத்த வளைவு

கார்ப் பந்தயத்தில் ஓட்டியவன் என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு வேகம் போவீங்க? கடைக்கு பிரேக் ஷூ வாங்க வருகிறவர் கேட்கிறார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார், பல்லைப் பிடுங்கப் போனால் பல் டாக்டர் என் வாயில் குறடை வைத்துக்கொண்டே கேட்கிறார். நான் எண்ணைச் சொன்னால், இவ்வளவுதானா என்று முகம் சுருங்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். நேரான சாலையில் வேகமாகப் போக ஆளே தேவையில்லை. ஆக்சிலேட்டர்மேல் ஒரு செங்கல்லை வைத்தால் அதுவும் போகும்.

எந்த வளைவு உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டவன் இத்தனை வருடத்தில் ஒரே ஒருவன்தான். கேட்டபோது அவன் எந்தப் பந்தயத் தடத்தையும் பார்த்ததில்லை.

ராமநாதபுரத்தில் எனக்கு ஒரு வாகன உதிரிபாகக் கடை இருக்கிறது. பாகங்களின் விலை எனக்கு மனப்பாடம், எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வேன். அவை வண்டிக்குள் போய் என்ன வேலை செய்கின்றன என்பதுதான் சரியாகத் தெரியாது. அது தெரிந்தவன் மண்டபம் போகிற சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வண்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். பூவரச மரத்தடி. பின்னால் கொஞ்ச தூரத்தில் கடல். ஆறு வயதில் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தவன், மண்டபம் அகதி முகாமிலேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவன். என்னைவிடச் சில வருடம் இளையவன். அவன் என்னை அண்ணை என்பான், நான் தம்பி என்பேன். முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் கரையில் இருந்தும் அவன் பேச்சு அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. சக்கரத்தை இன்றைக்கும் சில்லு என்றுதான் சொல்வான்.

மொத்தக் கொள்முதலுக்குச் சென்னை போன ஒரு முறை, அங்கே ஒரு வியாபாரி என்னைப் பந்தயம் பார்க்க அழைத்துப் போனார். தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு பொட்டல், அதில் சுற்றிச் சுற்றி வருகிற கறுப்புத் தார்ச்சாலை. அரை நாள் வேலி ஓரமாக நின்றேன். திரும்பி வந்ததும் ஒரு பழைய காரை வாங்கிவிட்டேன். என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது, "நாற்பது வயசுல இதெல்லாம் எங்கன இருந்துதான் வருதோ" என்று மட்டும் சொன்னாள். காரைப் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றியவன் கொட்டகைக்காரன். ஏற்றிக்கொண்டு போனது கருவாட்டு வியாபாரி ஒருவரின் மினி லாரி. பந்தயத் தடத்தில் என் கார் எங்கே நிற்கிறது என்று யாரும் தேட வேண்டியதில்லை, மூக்கே காட்டிக்கொடுக்கும். கருவாட்டுக் கார் என்றே பெயராகிவிட்டது.

பந்தயத்துக்கு அவனால் வர முடியாது. முகாமில் இருப்பவர்கள் வெளியூரில் இரவு தங்க அனுமதி வாங்க வேண்டும், கணக்கெடுப்பு நாளில் ஆள் இருக்க வேண்டும். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கேட்பதற்கே அவனுக்குக் கூச்சம். "பிறகு பாப்பம் அண்ணை" என்பான். அதனால் வெள்ளிக்கிழமை என்னையும் காரையும் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை மதியம் வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதல் பந்தயம் முடிந்து வந்த திங்கட்கிழமைதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். நான் எத்தனையாவதாக வந்தேன் என்று கேட்கவில்லை. எத்தனையாவது என்பது என் முகத்திலேயே இருந்திருக்கும்.

"எந்த வளைவு அண்ணை உங்களுக்குப் பிடிச்சது?"

சொல்லத் தெரியவில்லை. வார்த்தையில் வரவில்லை. அப்போது கார் சக்கரங்கள் கழற்றப்பட்டு மரக்கட்டைகள்மேல் நின்றுகொண்டிருந்தது. "ஏறிக் காட்டுறேன், வாலே" என்று ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அவன் மறுபக்கம் ஏறினான். பந்தயக் காரில் அந்தப் பக்கம் இருக்கை கிடையாது, ஒரு சிமெண்ட் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். நான் கண்ணை மூடினேன். வாயால் எஞ்சின் சத்தம் கொடுத்தபடி கிளம்பினேன்.

இப்படித்தான் எங்கள் திங்கட்கிழமைகள் ஆரம்பித்தன. மாலை ஐந்து மணி. தகரத்தின்மேல் வெயில் சாய்ந்திருக்கும். கடற்காற்றில் பூவரச இலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். சக்கரமில்லாத காரில் இரண்டு ஆண்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருவன் உறுமுவான். மற்றவன் கையில் ஸ்டாப்வாட்ச். பேருந்துக்கு நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு என்று நகர்ந்துவிடுவார்கள்.

கண்ணை மூடினால் தடம் முழுக்க வரும். அதில் ஒரு மயக்கம் இருக்கிறது. தார் சூடேறி மினுங்குவது, வேலிக்கு அப்பால் ஒரு புகைபோக்கி மெல்ல வலமிருந்து இடமாக நகர்வது, ஸ்டீயரிங் கனப்பது, பிறகு லேசாவது. நிஜத்தில் ஓட்டும்போது பார்க்க நேரமில்லாததெல்லாம் அந்தக் கட்டைமேல் நின்ற காரில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு சுற்று முடிந்ததும் அவன் பொத்தானை அமுக்குவான். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஓடிய நேரத்துக்கும் திங்கட்கிழமை வாயால் ஓடிய நேரத்துக்கும் ஒரு செகண்டுகூட வித்தியாசம் இருக்காது. முதலில் நாங்களே நம்பவில்லை. மூன்று முறை ஓடிப் பார்த்தோம். அப்படியேதான் வந்தது.

வளைவுகளுக்கு அங்கே எண்கள் உண்டு. எண்ணை வைத்துக்கொண்டு அவன் எதைக் கற்பனை செய்வான்? அதனால் எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தோம். முதல் வலது வளைவு ஏர்வாடி. பச்சை விளக்கு விழுந்ததும் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் அங்கேதான் போய் விழும், சந்தனக்கூடு நேரத்துத் தர்கா வாசல் மாதிரி தோளோடு தோள் இடிக்கும். அதற்கடுத்து ஒரு நீண்ட வலது வளைவு. திரும்பிக்கொண்டே இருக்கும், முடியாது. முடிந்துவிட்டது என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம் இருக்கும். அது கமுதி. மதிய வெயிலில் கமுதி பஸ்ஸில் போனவர்களுக்கு ஏன் என்று விளங்கும். கிட்டத்தட்ட நின்று திரும்ப வேண்டிய குறுகலான வளைவு ஒன்று, அதற்கு ரயில்வே கேட் என்று பெயர்.

கமுதியை எனக்கு மிகவும் பிடிக்கும். மற்ற வளைவுகளில் காரியம் அரை நொடியில் முடிந்துவிடும். கமுதியில்தான் காருக்குள் கொஞ்சம் வாழ முடியும். நான்கு சக்கரமும் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும். கையை ஒரு விரல் அளவு அசைத்தால் போதும், கார் அதைக் கேட்டுக்கொள்ளும். அந்த நேரத்தில் என் கடை, கடன், மூட்டுவலி எதுவும் எனக்கு நினைவிருக்காது. உடம்பு காரின் விளிம்பு வரைக்கும் பரவிவிட்டது போலிருக்கும். திங்கட்கிழமை அதை வாயால் ஓடும்போது அவனும் சாக்கின்மேல் மெல்ல இடப்பக்கம் சாய்வான்.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது உப்பளம்.

நீளமான நேர்ச்சாலையின் முடிவில் வரும் இடது வளைவு அது. பெரிய வளைவில்லை. நன்றாக ஓட்டுகிறவர்கள் அதில் காலை எடுக்க மாட்டார்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடியே உள்ளே போய், வெளியே வரும்போது காரை வலது ஓரத்துக்கு ஓட விட வேண்டும். அந்த ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். வலது சக்கரங்கள் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். அதுவும் சாலைதான், பயப்படாமல் ஏறுங்கள் என்று பயிற்சி கொடுத்தவர் பலமுறை சொன்னார்.

நான் சாயல்குடிப் பக்கத்து உப்பளக்காரன். எங்கள் பக்கம் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும், கறுப்பாக இருக்குமிடம் தரை, வெள்ளையாகப் பளபளக்குமிடம் தரையில்லை. மேலே உப்புப் பாளம் கட்டியிருக்கும், கீழே சேறு காத்திருக்கும். ஒன்பது வயதில் அண்ணனோடு பந்தயம் கட்டி, சைக்கிளை வரப்பிலிருந்து அந்த வெள்ளையில் இறக்கினேன். நான்கு முழம் போனது. பிறகு முன்சக்கரம் காணாமல் போனது. நான் முழங்கால் வரை உள்ளே போனேன், பாளத்தின் விளிம்பு காலைக் கிழித்தது, கிழிந்த இடத்தில் உப்புநீர். அந்த எரிச்சலை இப்போது எழுதும்போதும் என்னால் உணர முடிகிறது.

அதனால், மணிக்கு நூற்று நாற்பதில் அந்த வெள்ளைப் பட்டை என்னை நோக்கி வரும்போது, என் வலது கால் என்னைக் கேட்காமலே மேலே வந்துவிடும். மிகக் கொஞ்சம்தான். ஒரு மூச்சு அளவு. சாலைதான் என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. பட்டைக்கு ஒரு முழம் உள்ளேயே திரும்பி வருவேன். அந்த ஒரு மூச்சில், அடுத்த நேர்ச்சாலை முழுக்க எனக்கு முன்னால் போகிறவன் இன்னும் முன்னால் போய்விடுவான்.

இரண்டாவது பந்தயம் முடிந்த திங்கட்கிழமை, சுற்று முடிந்து கண்ணைத் திறந்ததும் அவன் கேட்டான். "உப்பளத்திலை முழுசாப் போனனீங்களோ அண்ணை?"

அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. இரண்டு மாதம் எஞ்சினைப் பிரித்துக் கோத்தவன். அந்த முகத்திடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பின்ன? முழுசாத்தான். வெள்ளைப் பட்டையில ஏறி எறங்குச்சு பாரு, தடதடன்னு."

அன்றைக்குச் சொன்னதை மூன்று வருடம் சொன்னேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் உப்பளம் வரும்போது என் குரல் தாழாமல் பார்த்துக்கொண்டேன். முழு எஞ்சின் சத்தத்தோடு, தடதட என்று பட்டையின் சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். நடிப்பில் எனக்கே பெருமை வந்துவிட்டது.

பிறகு அது பெருமையாக இல்லை. நான் போகும்போதெல்லாம் அவன் காரின் பின்பக்கத்துக்குக் கீழே படுத்திருந்தான். ஸ்பிரிங்கை மாற்றுவான், காற்றை அளப்பான், ஏதோ ஒரு கம்பியைக் கழற்றி வேறொன்றை மாட்டுவான். என்னலே செய்யிறே என்று கேட்டால், கீழேயிருந்தே பதில் வரும். "உப்பளத்துக்குத்தான் அண்ணை." நான் தொலைத்த நேரத்தை அவன் இரும்பில் தேடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். அவன் அப்போது ஒரு ஸ்பேனரைக் கேட்பான். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு முறை வேறொரு பந்தயக்காரர் பயிற்சியில் என் காரை ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "பின்னாடி ஆணி அடிச்ச மாதிரி இருக்கு, திரும்பவே மாட்டேங்குது. உங்க மெக்கானிக்குக்கு வேலை தெரியலை" என்றார். ரயில்வே கேட்டில் மூக்குத் திரும்பாமல் நானும் அவதிப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஊருக்கு வந்து அவனிடம் அப்படியே சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். சிரித்தான். "அது அப்பிடித்தான் இருக்கும் அண்ணை" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டான்.

போன வருடம் அவன் ஊருக்குத் திரும்புவதென்று முடிவானது. மனைவியின் அப்பாவுக்கு மன்னாரில் கொஞ்சம் காணி இருக்கிறது, பிள்ளைகளுக்கு அங்கே ஒரு முகவரி வேண்டும் என்றான். பத்திரங்களெல்லாம் வந்துவிட்டன. இன்னும் மூன்று மாதம். அதைச் சொன்ன கையோடு, தலையைக் குனிந்துகொண்டு ஒன்று கேட்டான்.

"போக முன்னம் ஒருக்கா அந்த இடத்தைப் பாக்க வேணும் அண்ணை. உப்பளத்திலை வேலியோரம் நிண்டு கேக்க வேணும். கனவிலை எத்தனையோ நாள் வந்திட்டுது."

அனுமதிக்கு ஒரு கடிதம் தேவைப்பட்டது. இன்ன இடத்துக்கு அழைத்துப் போகிறேன், இன்ன நாளில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று கடையின் தாளில் நான் எழுதி, கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அன்றைக்கே எழுதிவிட்டேன். முத்திரையும் குத்தினேன். பிறகு அதைக் கல்லாமேசை இழுப்பறையில் போட்டேன்.

அங்கேயே கிடந்தது.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் அவன். வேலியோரம் நின்றால் ஒரே சுற்றில் தெரிந்துவிடும். என் கால் மேலே வருவது அவன் காதில் விழும். மூன்று வருடத் திங்கட்கிழமைகள் அத்தனையும் பொய் என்று அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் கடல் தாண்டிப் போய்விடுவான், என்னைப் பற்றி அதுதான் அவனிடம் கடைசியாக இருக்கும். இதை நினைத்து நினைத்து நாளைக் கடத்தினேன். "ஆபீஸ்ல இன்னும் பாக்கலையாம் தம்பி" என்று அவனிடம் சொன்னேன். அவன் சரியென்று தலையாட்டினான். அந்த மாதப் பந்தயத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன்.

இழுப்பறையில் ரப்பர் பேண்ட் தேடிய என் மனைவிதான் கடிதத்தை எடுத்தாள். "ஏங்க, இது இன்னும் இங்கனயே கெடக்கு?" என்றாள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், கடிதத்தை என் சட்டைப் பையில் வைத்தாள். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கே நாளில் அனுமதி வந்துவிட்டது. திங்கட்கிழமை மாலைக்குள் முகாமில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள்தான் பயிற்சி. தடத்தில் ஒரு காரும் இல்லை. வேண்டியவர்கள் நடந்து பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் இருவரும் நடந்தோம். வெயில் இறங்கிவிட்டது, தார் மட்டும் இன்னும் சூடாக இருந்தது. அவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். புதிய இடத்துக்கு வந்தவனைப் போல அவன் பார்க்கவில்லை. ஏர்வாடியில் உள்பக்கமாக நடந்தான். கமுதியில் என்னைவிட்டு விலகி, கார் போகிற கோட்டிலேயே மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து போனான். புகைபோக்கி நான் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டான். ஒன்றே ஒன்றுதான் அவனுக்கு ஏமாற்றம்.

"கடல் இல்லையே அண்ணை."

"இங்கன ஏதுலே கடல்?"

"எனக்குக் கனவிலை எப்பவும் இடப்பக்கம் கடல் கிடக்கும். நீங்கள் இல்லையெண்டும் சொல்லேல்லை."

நேர்ச்சாலையில் நான் நடையைக் குறைத்தேன். உப்பளம் வந்தது. தூரத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டை மங்கலான வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. இப்போது சொல்லாவிட்டால் நாளைக்கு அவனே கேட்டுவிடுவான். தம்பி, ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தேன். அவன் காதில் விழவில்லை போல. குனிந்து தரையைப் பார்த்தபடி நாலைந்து அடி முன்னால் போனான், நின்றான், வெறுங்காலால் தாரை ஒருமுறை தட்டினான்.

"இதிலைதான்."

"எது?"

"நீங்கள் காலை எடுக்கிற இடம்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை.

"முதல் நாளே தெரியும் அண்ணை. கண்ணை மூடிக்கொண்டு உறுமுவியள். நான் கண்ணை மூடுறேல்லை, உங்கடை காலைப் பாத்துக்கொண்டிருப்பன். வாய் முழுசாத்தான் போகும். கால் மட்டும் மேலை வரும். ஒவ்வொரு திங்களும், அதே இடத்திலை."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "பின்ன எதுக்குலே மூணு வருஷமா காருக்கு அடியில கெடந்தே? நான் தொலைச்ச நேரத்த நீ தேடுறேன்னுதான் நெனச்சேன்."

"நேரத்தையோ? வளைவுக்குள்ளை காலை எடுத்தால் காரின்ரை பின்பக்கம் பாரமில்லாமல் போயிடும், வால் வெளியாலை இழுத்துக்கொண்டு போகும். அந்த வேகத்திலை போனால் பிறகு ஆளை உயிரோடை எடுக்க ஏலாது. அதுதான் பின்சில்லு ரெண்டும் வழுக்காமல் ஸ்பிரிங்கை மாத்தி இறுக்கிக் கட்டி வைச்சனான். அதாலைதான் ரயில்வே கேட்டிலை திரும்புதில்லை. அது பரவாயில்லை."

பின்னால் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னதும், அதை நான் இவனிடம் வந்து ஒப்பித்ததும், இவன் சிரித்ததும் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் நீங்கள் ரோசத்திலை காலை எடுக்காமல் விட்டிருப்பியள். ஒருக்கா சரி வரும், ரெண்டாம் தரம் சுவரிலைதான் போய் நிப்பியள். பிறகு திங்கக்கிழமை எனக்கு ஆர் வந்து கதை சொல்லுறது?"

அந்த நேரத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. வந்த வேகத்தில் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் தாமதமே இல்லை, என் இழுப்பறையில்தான் கிடந்தது, நீ வந்து கேட்டுவிடுவாய் என்று பயந்து வைத்திருந்தேன் என்றேன். இதுவும் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை.

தெரிந்திருக்கவில்லை. அவன் முகம் மாறியது.

"அப்ப நான் போன மாசமே வந்திருப்பன்."

"ஆமா."

"ரெண்டு தரம் பாத்திருப்பன்."

அவன் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டான். "அது பிழை அண்ணை" என்றான். மீதித் தடத்தை நடந்து முடித்தோம். எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே போனான்.

சனிக்கிழமை முழுக்க வேலையைப் பற்றி மட்டும் பேசினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றைச் சரிபார்த்தான், பெல்ட்டை இறுக்கினான், என் கண்ணைப் பார்க்காமல் கதவைச் சாத்தினான். பிறகு உப்பளம் பக்கமாக நடந்து போனான்.

முதல் சுற்றில் நேர்ச்சாலையின் முடிவில் அவனைப் பார்த்தேன். வேலிக்குப் பின்னால், வெள்ளைச் சட்டையில் நின்றான். என் கால் மேலே வரும் அந்த நொடியில் அவன் வலது கை மேலே போனது. கால் கீழே போனதும் கையும் இறங்கியது. தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது சுற்றிலும் அதே இடத்தில் கை உயர்ந்தது. மூன்றாவதிலும். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் காலை எடுக்கிறேனா, என் காலைக் கேட்டு அவன் கையைத் தூக்குகிறானா என்று தெரியாத ஒரு கட்டம் வந்தது. வெள்ளைப் பட்டை வந்தது, போனது. வால் அசையவில்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாக உப்பளத்தை நான் வெட்கமில்லாமல் ஓட்டினேன். கமுதியில் கிடைக்கும் அந்த மயக்கம் இங்கேயும் இருந்திருக்கிறது. பொய் சொல்லுகிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஒன்பதாவதாக வந்தேன்.

திங்கட்கிழமை மதியம் மண்டபம் வந்து சேர்ந்தோம். காரை இறக்கி, சக்கரங்களைக் கழற்றி, கட்டைமேல் நிறுத்தினான். ஐந்து மணி ஆனது. நான் வழக்கம்போல ஓட்டுநர் பக்கம் போனேன். அவன் ஸ்டாப்வாட்ச்சை என் கையில் வைத்தான்.

"இண்டைக்கு நான் ஓடுறன்."

சாக்கின்மேல் நான் உட்கார்ந்தேன். அவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். நான் உட்காரும் இருக்கையில் அவன் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணை மூடினான். கிளம்பினான். என்னைவிட நல்ல சத்தம், கியர் மாறும்போது எழும் சின்ன விம்மல்கூட அதில் இருந்தது. ஏர்வாடி போனது. கமுதி வந்தது, நான் இடப்பக்கம் சாய்ந்தேன். ரயில்வே கேட்டில் கார் அழகாகத் திரும்பியது, அவன் காரில் பின்சக்கரங்களை யாரும் கட்டி வைக்கவில்லை போலும். நேர்ச்சாலை. காற்று பூவரசைப் புரட்டியது. பின்னால் கடல் சத்தம் கேட்டது. அவன் தடத்துக்கு இடப்பக்கம் கடல் இருந்தது.

உப்பளம் வந்தபோது நான் கண்ணைத் திறந்து அவன் காலைப் பார்த்தேன். அது கீழேயே இருந்தது. நடுங்கவில்லை. மிதி தரையோடு ஒட்டியிருந்தது. வாயால் தடதட என்று பட்டையின் சத்தம் வந்தது, முகம் மலர்ந்தது.

சுற்று முடிந்ததும் பொத்தானை அமுக்கினேன்.

"எவ்வளவு அண்ணை?"

என் வாழ்நாளில் நான் ஓடிய எந்தச் சுற்றையும்விட ஒரு செகண்டுக்கு மேல் குறைவு. அப்படியே சொன்னேன். அவன் ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவினான்.

"ஓம். இவ்வளவுதான் வருமெண்டு நினைச்சனான்" என்றான். மூன்று வருடம் என் உயிருக்காக அவன் கையில் வைத்துக்கொண்டிருந்த செகண்டு அது. பிறகு மணியைப் பார்த்தான், கையைத் துடைத்தான், முகாமில் கையெழுத்துப் போடப் போனான்.

அடுத்த மாதம் போய்விட்டான். இப்போது அவனுக்கு அங்கே ஒரு சின்னக் கொட்டகை இருக்கிறதாம். நான் பந்தயத்துக்குப் போவதில்லை. காரை யாருக்கும் கொடுக்கவில்லை, பின்சக்கரங்களைத் தொட யாரையும் விடவில்லை. மதியத்தில் கடையில் ஆள் வராத நேரம் ஒன்று உண்டு. மேசையில் சாய்ந்து கண்ணை மூடினால் தடம் தானாக வந்துவிடும். உப்பளம் வரும்போது மேசைக்கடியில் என் கால் மேலே வருகிறது. வால் அசைவதில்லை.